எழுந்திருக்க ஒரு கைப்பிடி

முதியோர் நலன் என்றதும் ஓய்வூதியம், மருந்து, மருத்துவமனை என்றுதான் பேச்சு போகும். வீட்டு வாசலுக்கும் முக்குக் கடைக்கும் நடுவில் இருக்கிற தெருவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயதானவர்கள் பலர் வீட்டோடு முடங்கிப்போவதற்கு அந்தத் தெருவும் ஒரு காரணம்.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டுமா? அமெரிக்காவில் நடப்பதைப் பார்ப்போம்.

அங்கே ஏ.ஏ.ஆர்.பி. என்று ஓர் அமைப்பு. 50 வயதைக் கடந்தவர்களுக்காகப் பாடுபடுவது. எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை 1958-இல் தொடங்கியது. இந்த அமைப்பு 2017 முதல் ஆண்டுதோறும் ஊர்களுக்குச் சிறு மானியம் கொடுத்துவருகிறது. லாப நோக்கமில்லாத அமைப்புகளும் உள்ளாட்சிகளும் விண்ணப்பிக்கலாம். தொகை சில நூறு டாலரிலிருந்து பல ஆயிரம் டாலர் வரை. ஒரு நிபந்தனை உண்டு: சில மாதங்களுக்குள் வேலையை முடித்துக் காட்ட வேண்டும்.

அந்தப் பணத்தில் என்ன செய்கிறார்கள்? பேருந்து நிறுத்தத்தில் பெஞ்சு போடுகிறார்கள். குனியாமலே செடி வளர்க்க இடுப்பு உயரத்துக்குப் பாத்தி கட்டுகிறார்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் பளிச்சென்று கோடு போடுகிறார்கள்.

பெஞ்சு என்றால் ஏதோ ஒரு பெஞ்சு போதாது. முழங்கால் வலிக்காரருக்கு உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. இருக்கை தாழ்வாக இருந்தால் எழவே முடியாது. முதுகைச் சாய்த்துக்கொள்ள இடம் வேண்டும். ஊன்றி எழ இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். கைப்பிடி இல்லாத பெஞ்சு இளைஞர்களுக்குத்தான் பயன்படும்.

சாலையைக் கடப்பதும் அப்படித்தான். மனிதர் நொடிக்கு 4 அடி நடப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் அமெரிக்காவில் முன்பு சிக்னல் நேரத்தை வைத்தார்கள். 2009-ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிநூல் அதை மூன்றரை அடியாகக் குறைத்தது. 42 அடி அகலச் சாலையைக் கடக்கப் பத்தரை நொடி என்றிருந்தது 12 நொடியானது. நொடிக்கு 3 அடி வைத்து நடக்கும் பாட்டிக்கோ 14 நொடி வேண்டும். மூலையில் நடைபாதையைச் சற்று நீட்டிவிட்டால் கடக்க வேண்டிய தூரமே குறைந்துவிடும். முதலில் பெயிண்டும் பிளாஸ்டிக் கம்பங்களும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். சரிப்பட்டால் அப்புறம் கான்கிரீட்.

சிறு மானியத்தின் சூட்சுமமே இதுதான். பல வருஷம் கோப்பில் கிடக்கும் யோசனை, ஒரே கோடையில் கண்ணுக்கு முன்னால் நிற்கும். மக்கள் பயன்படுத்துவதைப் பார்த்த பிறகு நகராட்சி மறுப்பதும் எளிதல்ல.

இதனால் எல்லாம் தீர்ந்துவிடாது. பெஞ்சு போட்டுவிடலாம், அந்த நிறுத்தத்துக்குப் பேருந்து வர வேண்டுமே! ஏறிக்கொண்டே போகும் வீட்டு வாடகையைச் சிறு மானியம் இறக்காது. போட்ட பெஞ்சின் திருகாணி கழன்றால் யார் முடுக்குவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

எந்த இடத்தில் என்ன தேவை என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தெருக்காரர்கள் கையில் தாளோடு கூட்டமாக நடந்துபோய், இடறும் கல், உடைந்த நடைபாதை, நிழலில்லாத நிறுத்தம் என்று குறித்துக்கொள்கிறார்கள். அதற்குக் காசே வேண்டாம். உங்கள் தெருவிலும் செய்து பார்க்கலாம். ஆனால் தாளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கூட வரும் பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கே கால் தயங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.