காசின் அடியில் ஒரு சிறு குறி
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியப் பொருளன்றி நாணயத்தைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று சிலர் வியக்கலாம். குப்பத்தில் வாழும் நம் குடும்பங்களில் பழங்காசு இல்லாத வீடு அரிது. பாட்டனார் பெட்டியில் வைத்துச் சென்ற வெள்ளி ரூபாய் ஒன்றேனும் இருக்கும். அதனை விற்கவோ காக்கவோ கருதுவோர் அறிய வேண்டியது, ஆண்டெண்ணின் கீழே கடுகளவாய்க் கிடக்கும் நாணயச்சாலைக் குறியை.

அக்குறியின் அருமையை உணர நாம் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. சித்தூர் மாவட்டம் 1911-இல் அமையும் வரை இப்பகுதியின் பெரும்பங்கு வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. அந்த ஆற்காட்டின் பெயரால் வழங்கிய ரூபாய் தென்னாடு முழுவதும் புகழ் பெற்றது. புதுச்சேரிப் பிரஞ்சுக்காரர் 1736-இல் நவாபிடம் உரிமை பெற்று அதனை அடித்தனர். சென்னை ஆங்கிலேயர் 1742-இல் பெற்றனர். எல்லாவற்றிலும் மொகலாய மன்னர் பெயரும் ஆற்காடு என்னும் ஊர்ப்பெயருமே பாரசீக எழுத்தில் இருக்கும். அடித்த ஊர் எதுவென்று எழுத்தைக் கொண்டு அறிய இயலாது. பிறை இருந்தால் பிரஞ்சுக்காரருடையது. கம்பெனியின் பிற்கால நாணயங்களில் தாமரை இருந்தால் சென்னையில் அடித்தது. ரோஜா இருந்தால் கல்கத்தாவில் அடித்தது. பெரிய எழுத்து மறைத்ததைச் சிறிய குறி சொல்லிவிடுகிறது! சென்னைத் தங்கசாலை 1869-இல் மூடப்பட்டது. தெருவின் பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது.

இன்று இந்திய அரசுக்கு நான்கு நாணயச்சாலைகள் உள. மும்பையின் குறி சாய்சதுரம். ஐதராபாத்தின் குறி ஐந்துமுனை விண்மீன். 1988-இல் எழுந்த நொய்டாவுக்கு வட்டப்புள்ளி. கல்கத்தாவுக்குக் குறியே இல்லை. குறியின்மையே அதன் குறி. ஆனால் ஐதராபாத் தொடக்கத்தில் பிளந்த சாய்சதுரத்தையும் புள்ளியிட்ட சாய்சதுரத்தையும் கையாண்டது. பழைய பைசாவைக் கையில் எடுப்போர் அதனை மும்பையினது என்று கொண்டுவிட எளிதில் இடமுண்டு.

இனிப் புரூஃப் நாணயத்துக்கு வருவோம். இது கடைவீதியில் புழங்குவதற்கு அடித்ததன்று, சேமிப்போருக்கென்றே அடித்தது. வில்லையையும் அச்சையும் மெருகிட்டு, ஒருமுறைக்கு மேல் அழுத்தி அடிப்பர். அதனால் வெறும் பரப்பு கண்ணாடிபோல் முகங்காட்டும். உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் மங்கலாய் வெளுத்து நிற்கும். புழக்கத்துக்குப் போகாத புதுக்காசும் பளபளக்கத்தான் செய்யும். ஆயினும் அதில் நம் முகம் தெரியாது. குறியைப் பார்க்குமுன் இவ்வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு வெளியான பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்வோம். 15 கிராம் எடை. நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. மும்பையில் பொதுவழங்கலுக்கு அடித்ததில் சாய்சதுரம் இருக்கும். அதே சாலையில் அடித்த புரூஃபில் ஆங்கில 'பி' எழுத்து இருக்கும். ஊரின் பெயர் 1995-இல் மும்பை என மாறிய பின் புரூஃபுகளில் 'எம்' எழுத்து வரலாயிற்று. இவ்வளவே ஆனால் பேச்சை இங்கேயே முடித்திருக்கலாம்.

சிக்கல் அயல்நாட்டுச் சாலைகளால் வந்தது. சில்லறைத் தட்டுப்பாட்டைத் தீர்க்க நம் அரசு வெளிநாடுகளிலும் காசு அடித்து வரவழைத்தது. 1985-ஆம் ஆண்டு ரூபாயில் சாய்சதுரம் ஆண்டெண்ணின் முதல் இலக்கத்தின் கீழ் இருந்தால் அது மும்பையன்று. இங்கிலாந்து அரச நாணயச்சாலை வேல்ஸில் அடித்தது. அவ்வாண்டு ரூபாயிலேயே 'எச்' இருப்பின் பர்மிங்காம் ஹீட்டன் சாலையினது. 1988-ஆம் ஆண்டு இருபத்தைந்து காசு, ஐம்பது காசுகளில் 'சி' என்று கண்டு, கல்கத்தாவின் அரிய காசு என்று மகிழ்வோர் உண்டு. அது கனடா நாட்டு ஒட்டாவாவின் எழுத்து. 1997, 1998 ஆண்டுகளின் ஒரு ரூபாயில் 'எம்' எழுத்தின் தலைமேல் சிறு வட்டம் இருந்தால் மெக்சிகோ. 1998-ஆம் ஆண்டு இரண்டு ரூபாயில் முட்டை வடிவுக்குள் 'எம்' இருந்தால் தென்னாப்பிரிக்கப் பிரிட்டோரியா. மும்பைப் புரூஃபின் 'எம்' எழுத்தோடு இவற்றை ஒன்றாக்கிப் பெருவிலை சொல்வோர் இன்று கைப்பேசி விளம்பரங்களில் மலிந்துள்ளனர். எழுத்து ஒன்றே, காசின் பரப்பு வேறு. முகந்தெரியாத காசைப் புரூஃப் என்று எவரேனும் சொன்னால், அவர் எவ்வளவு படித்தவரானாலும் நாம் நம்ப வேண்டுவதில்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துப் புரூஃபுகளில் மற்றொரு தொல்லை. பழைய அச்சுகளைக் காத்து வைத்துப் பிற்காலத்தில் மீண்டும் அடித்துக் கொடுத்தனர்; இவற்றை 'ரீஸ்டிரைக்' என்பர். ஆண்டெண் பழையது, அடிப்போ புதிது. இவற்றுக்கு விலை குறைவு. இவற்றைப் பிரித்தறிவது நம்மனோர்க்கு எளிதன்று. தேர்ந்த கையிடம் காட்டாமல் வாங்கலாகாது.

குறியைச் சுரண்டி எடுத்தும் ஒட்டவைத்தும் ஏமாற்றுவோரும் உளர். சாய்சதுரத்தைத் தேய்த்துவிட்டால் கல்கத்தாக் காசு பிறந்துவிடும்! பத்து மடங்கு பெரிதாய்க் காட்டும் கண்ணாடியால் நோக்குக. சுரண்டிய இடத்தில் பரப்பின் ஒளி முறிந்து கீறல்கள் ஒருபுறமாய் ஓடும். ஒட்டிய குறியின் அடியில் மெல்லிய விளிம்புக்கோடு தெரியும்.

தாய்மார்களுக்கு ஒன்று. காசு கறுத்துவிட்டதென்று புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளைக் குடத்துக்கு அது நல்லது; புரூஃப் நாணயத்துக்கு மரணம். போன ஒளியை எந்தச் சாலையும் மீட்டுத் தராது. விரல் ரேகைகூடப் பதிந்துவிடும். ஆகலின் விளிம்பைப் பற்றியே எடுக்க வேண்டும். அரசு தந்த பேழையையும் சான்றுச் சீட்டையும் எறியாமல் வைத்திருங்கள்.

பழங்காசு வாங்குவதாகவும் விற்பதாகவும் தன் பெயரைச் சொல்லி இணையத்தில் கட்டணம் கேட்போரிடம் ஏமாற வேண்டா என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அத்தகைய வணிகத்தில் வங்கி ஈடுபடுவதே இல்லை. உங்கள் ஐந்து ரூபாய்க்குப் பல இலட்சம் தருகிறோம், முதலில் பதிவுத்தொகை அனுப்புங்கள் என்று எவரேனும் அழைத்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விழா முடிந்தபின் மண்டபத்தின் பின்வரிசை மேசையில் உருப்பெருக்கிக் கண்ணாடிகள் இரண்டு வைத்திருக்கிறோம். காசு கொணர்ந்தோர் வரலாம். விலை மட்டும் எங்களைக் கேட்க வேண்டா.