கட்சியும் தலைமையும்

(பொன்னமராவதியில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு கட்சி யாரைத் தலைவராகத் தாங்கிற்று என்பதைக் கொண்டே அதன் தரத்தை அளந்தறியலாம் என்பது எம் துணிபு. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம்மூருக்கு அணித்தேயுள்ள திருமயத்தில் 1887-ஆம் ஆண்டு பிறந்த தீரர் சத்தியமூர்த்தியாரின் வரலாறே சாலும்.

1936-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரான அவர், தம்மினும் பதினாறாண்டு இளையரான காமராசரைச் செயலாளராக்கினார். 1940-இல் காமராசர் தலைவரானார். சத்தியமூர்த்தியாரோ அவர்கீழ்ச் செயலாளராக அமர்ந்தார்! இருவரும் ஒரே குலத்தினரல்லர். ஒருவர் சட்டங்கற்ற நாவலர். மற்றவர் இளமையிலேயே பள்ளியை விட்டவர். நாட்டுத் தொண்டே அவர்களைப் பிணித்தது.

1943-இல் சத்தியமூர்த்தியார் மறைந்தார். 1954-இல் முதலமைச்சரான காமராசர், 1963-இல் கட்சிப் பணிக்காக அப்பதவியைத் தாமே துறந்தார். ஆயினும், 1966-இல் அவர் முன்னின்று பிரதமராக்கிய இந்திரா காந்தி அம்மையாரோடு பிணக்கு முற்றி, 1969-இல் கட்சியே பிளந்தது. தலைவரை ஆக்குதல் எளிது; ஆக்கியபின் ஒத்து நடத்தலே அரிது.

அன்பர்களே! நம் இளைஞர் பலர் இக்கூட்டங்களினின்று விலகி நிற்பது ஏன்? பதவிகள் யாவும் மூத்தோர் கையிலேயே இருத்தலன்றோ? இனி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்குங்கால் வயதும் செல்வமும் நோக்காது தொண்டினையே நோக்குவோமாக. இடந்தந்த பெரியோர் ஒதுங்கிவிடாது அருகிருந்து துணைசெய்க. அங்ஙனமாயின் சங்கம் தழைக்கும்.