பூப்பும் பெண்மானமும்

(பள்ளிப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆடவரும் அமர்ந்திருக்கும் அவையில் இப்பொருளைப் பேசலாமோ என்று நண்பர் ஒருவர் தயங்கினார். நாம் பேசாதிருந்தமையே நம் பெண்மக்களை இதுகாறும் வருத்திற்று, ஆதலின் பேசுகின்றேன்.

நம் முன்னோர் இதற்கிட்ட பெயர் பூப்பு. தொல்காப்பியக் கற்பியலும் அச்சொல்லையே ஆள்கின்றது. கொடி பூப்பதுபோல் பெண் பூக்கின்றாள். இதில் இழிவு எங்கே உளது? ஆயினும், இழிவுபடுத்தும் வழக்கம் முழுவதும் பிறர் கொணர்ந்ததே எனச் சொல்லி நாம் தப்ப இயலாது. முருகன் கோட்டத்தில் கலம் தொடாது நின்ற மகளிரைப் புறநானூற்றின் 299-ஆம் பாட்டில் பொன்முடியார் உவமை காட்டுகின்றார். அவர்களை விலக்கு மகளிர் எனப் பொருள் கொள்வர். ஒதுக்கம் நம்மிடையே அன்றும் இருந்தது. அதனைக் களையும் கடனும் நமதே.

2025 ஏப்பிரலில், கோவை மாவட்டத்துப் பள்ளியொன்றில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுதியதை நாடே கண்டது. அதே கோவையில்தான் அருணாசலம் முருகானந்தம் குறைந்த செலவில் அணையாடை செய்யும் பொறியை ஆக்கினார். 2016-இல் தாமரைத்திரு விருதும் பெற்றார். ஊர்ப்புறப் பெண்பிள்ளைகளுக்கு விலையில்லா அணையாடை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2012-இல் தொடங்கியது. இத்தனைக்குப் பின்னும் அப்பிள்ளைக்குக் கிடைத்த இடம் படிக்கட்டே!

அணையாடை மட்டும் போதுமா? நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதனை மாற்றல் வேண்டும். பள்ளி நாளோ அதனினும் நீண்டது. தாழ்ப்பாள் உள்ள கதவு, குழாயில் நீர், கை கழுவ வழலைக்கட்டி, மூடியுள்ள குப்பைக்கூடை ஆகிய நான்கும் இல்லாத கழிப்பறைக்கு அஞ்சி, பிள்ளைகள் நாள் முழுதும் நீர் பருகாமலும் சிறுநீரை அடக்கியும் இருக்கின்றனர். அதனால் சிறுநீர்த் தொற்று வருகின்றது. சிலர் அந்நாள்களில் பள்ளிக்கே வாரார், பாடம் பின்தங்குகின்றது. துணி பயன்படுத்துவோர் அதனைத் தூய நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினால் தீங்கில்லை. நாணத்தால் இருட்டு மூலையில் ஈரத்தோடு மறைக்கும் துணியே நோய்க்கு இடமாகின்றது.

தாய்மார்களே, அத்துணியை முற்றத்து வெயிலிலேயே உலர்த்துங்கள். தந்தையரே, நாளையே உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்று கழிப்பறைக் கதவைத் தாழிட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். தாழும் நீரும் இல்லையெனில் தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிடமும் எழுத்தால் முறையிடுங்கள்; அவை வரும்வரை விடாதீர்கள்.

பூப்பு என்னும் நல்ல சொல்லைக் காத்து வைத்துள்ளோம். அச்சொல்லுக்குரிய பெண்ணைப் படிக்கட்டில் அமர்த்திவிட்டுச் சொல்லை மட்டும் போற்றுவது தமிழ்ப்பற்று ஆகாது.

வாழ்க பெண்மை! வெல்க தமிழ்!