ஒளுச் செய்த தண்ணீர் வீணாகலாமா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

மேக்கரையில் அடவிநயினார் அணை, ஊரருகே அனுமன் நதி என்று அல்லாஹ் நமக்கு நிறைவாகவே தந்துள்ளான். ஆனால், பருவமழை முன்போல் இல்லை. வெப்பமடைந்த காற்று அதிக நீராவியைச் சுமப்பதால், பல நாட்கள் பெய்ய வேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததையும், பாதைகள் துண்டிக்கப்பட்டு நம் சகோதரர்கள் தவித்ததையும் மறக்க இயலாது. அதே ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சந்தையை மட்டுமே நம்பிய அடுப்படியின் நிலை இதுதான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸ்களில் காண்கிறோம். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு வக்துக்கு இருநூறு பேர், ஆளுக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து வக்துக்கும் நாளொன்றுக்கு 3,000 லிட்டர் சாக்கடையில் சேர்கிறது. சோப்புக் கலக்காத இத்தண்ணீர் பத்து சென்ட் காய்கறிப் பாத்திக்குப் போதும். முதலில் சிக்கனம், பிறகு, வழிந்தோடுவதைத் தோட்டத்திற்குத் திருப்புதல். இவ்விரண்டுமே நம் வேண்டுகோள்.

நிலமில்லாதோர் மாடியைப் பயன்படுத்தலாம். 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தமிழக அரசு மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, மண்ணைவிடப் பாரம் குறைந்த தென்னை நார்க் கழிவையே பயன்படுத்தியது. தென்னை சூழ்ந்த நம் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. சமையலறைக் கழிவை மட்கச் செய்தால் உரமும் ஆயிற்று. கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். கத்தரியும் வெண்டையும் இரண்டு மாதங்களில் காய்க்கத் தொடங்கும். தளத்தில் நீர் கசியாதபடி பார்த்துக்கொள்வது மட்டும் அவசியம்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா ஆகும் என்பது நபிமொழியின் கருத்து. எனவே, பள்ளிவாசல் தோட்டத்தின் முதல் பறிப்பு ஆதரவற்ற விதவையர் இல்லங்களுக்கே சேர வேண்டும் என விழைகிறோம். ஹவுளிலிருந்து ஒரு குழாய் பதிக்கும் செலவு பெரிதன்று. அதற்கு மனம் வைப்பதே பெரிது. வரும் ஆண்டறிக்கையின் வரவுப் பக்கத்தில் ரூபாயோடு கீரைக்கட்டுகளும் இடம்பெறட்டும்.

வல்ல அல்லாஹ் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.