எருக்கஞ்செடியில் ஒரு நண்பன்

ஆவணி வெயிலில் கோட்டைப்பட்டினம் கடற்கரைச் சாலையோரம் புல் காய்ந்தாலும் எருக்கு பச்சையாக நிற்கும். அதன் கொழுந்தைப் பாருங்கள். மஞ்சள் அசுவினி அப்பியிருக்கும். "நம்ம பயறுக்கு வந்துடுமோ" என்று பயப்பட வேண்டாம். அது எருக்கு, அரளி போன்ற செடிகளோடு சரி. உளுந்து, தட்டைப்பயறில் ஏறுவது கறுப்பு அசுவினி. அது வேறு இனம். ஆனால் பொறிவண்டு இரண்டையும் தின்னும். வயலில் பயிர் இல்லாத நாளில் எருக்கிலே பசியாறிப் பெருகும். முதலை மாதிரி சின்னதாய் ஊர்கிறதே, அது பொறிவண்டின் புழு. அதுவும் அசுவினி தின்பதுதான், நசுக்கிடாதீங்க.

அதனால், சுத்தம் செய்கிறோம் என்று எருக்குக்குத் தீ வைக்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். பொறிவண்டு செத்தால், பின்னால் பயறில் அசுவினி ஏறும்போது மருந்துச் செலவு உங்கள் தலையில்தான். விதைப்புக்கு முன்னே ஒருநடை போய்ப் பார்த்து வாருங்கள்.