காலியாகப் போகும் கொக்கிகளை எண்ணுங்கள்

(சிறு தொழில் முனைவோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உங்க எல்லோர் கையிலும் கைபேசி இருக்கு. நான் பேசப்போகிற விஷயத்துக்கு முதல் கருவியே அதுதான். எப்படி என்று கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.

நான் கோவையில் ஒரு பவுடர் கோட்டிங் யூனிட் நடத்துகிறேன். மின் பேனல் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் அடிச்சட்டங்களும்தான் முக்கிய வேலை. இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இரும்புப் பொருளை எண்ணெய் போகக் கழுவி, பாஸ்பேட் தொட்டியில் முக்கி, அலசி உலர்த்தி, கன்வேயர் கொக்கியில் தொங்கவிடுவோம். பூத்துக்குள் போனதும் மின்னேற்றம் செய்த பவுடரைத் துப்பாக்கியால் அடிப்போம். பிறகு ஓவனில் வெந்து வெளியே வரும். வீட்டு பீரோ முதல் பெட்டிக்கடை ஃபிரிட்ஜ் ஸ்டாண்டு வரை இப்படித்தான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஆர்டர் குவிந்தது. உற்பத்தியைக் கூட்ட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கன்வேயர் வேகத்தை நிமிடத்துக்கு 1 மீட்டரிலிருந்து 1.25 மீட்டராக ஏற்றிவிட்டேன். ஒரு திருகைத் திருப்பினால் 25 சதவீதம் கூடுதல் உற்பத்தி! மெல்லிய தகட்டுப் பெட்டிகளை ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே வந்தன. அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் 60 அடிச்சட்டங்கள் திரும்பி வந்தன. மூலைகளில் பெயின்ட் தோல் தோலாக உரிந்திருந்தது.

கணக்கைப் பாருங்க. என் ஓவனுக்குள் கன்வேயர் போகும் தூரம் 20 மீட்டர். பழைய வேகத்தில் ஒரு பொருள் 20 நிமிடம் உள்ளே இருக்கும். புது வேகத்தில் 16 நிமிடம்தான். நாங்கள் பயன்படுத்திய பவுடர் 200 டிகிரியில் 10 நிமிடம் வேக வேண்டும். இதில் எல்லோரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கு. 200 டிகிரி என்பது ஓவன் காற்றின் சூடு இல்லை, இரும்பின் சூடு. மெல்லிய தகடு அந்தச் சூட்டை 4, 5 நிமிடத்தில் எட்டிவிடும். தடித்த அடிச்சட்டத்துக்கு 9 நிமிடம் ஆகிறது. 16-இல் 9 போனால் 7. பத்து நிமிடம் வேக வேண்டியது ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே பிடிப்பு இருக்காது. வேகாத தோசை மாதிரிதான்.

அந்த 60 சட்டங்களையும் உரித்து, மறுபடி கழுவி, மறுபடி அடித்தோம். அதுவரை வேறு ஆர்டர்கள் காத்துக் கிடந்தன. வாடிக்கையாளரும் போனார். அந்த வருஷம் தீபாவளி போனஸை இரண்டு தவணையாகத்தான் கொடுக்க முடிந்தது. பணியாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போனது உண்மை.

அதற்குப் பிறகுதான் கைபேசி வேலைக்கு வந்தது. பொருள் தொங்கவிடும் இடத்துக்கு எதிரே அதை ஒரு ஸ்டாண்டில் வைத்து, 30 நிமிடம் வீடியோ எடுத்தேன். பணியாளர்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்க, உளவு பார்ப்பதாக நினைத்துவிடக் கூடாது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். வேகத்தைப் பழையபடி 1 மீட்டராக இறக்கியிருந்தோம். அரை மீட்டருக்கு ஒரு கொக்கி என்றால் அரை மணியில் 60 கொக்கி கடக்கும். அதில் 14 கொக்கி காலியாகப் போயிருந்தது!

60-இல் 46 மட்டும் நிறைந்து போகிறது. அந்த 14-ஐயும் நிரப்பினால் உற்பத்தி 30 சதவீதம் கூடும். வேகத்தை ஏற்றி நான் தேடியது 25 சதவீதம்தான். திருகைத் தொடாமலே அதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

ஏன் காலியாகப் போனது? தொங்கவிடும் பையன் சோம்பேறி இல்லை. உலர்த்திய பொருட்கள் ஷெட்டின் மறு கோடியில் கிடந்தன, அவன் ஒவ்வொரு முறையும் நடந்துபோய்த் தூக்கி வந்தான். சக்கரம் வைத்த இரண்டு டிராலி வாங்கி, எப்போதும் ஒன்று நிறைந்து அவன் பக்கத்தில் நிற்கும்படி செய்தோம். டீ நேரத்தை ஆள் மாற்றி ஆள் என்று வைத்தோம். அவ்வளவுதான்.

அடுத்தது நிறம் மாற்றுவது. பூத்தையும் துப்பாக்கியையும் சுத்தம் செய்ய எங்களுக்கு 40 நிமிடம் பிடிக்கும். வந்த வரிசையில் ஆர்டரை ஓட்டினால் ஒரு நாளில் நான்கு முறை மாற்ற வேண்டிவரும். இப்போது நிறவாரியாகச் சேர்த்து, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிக்கிறோம்.

கொக்கியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் மேலும் பவுடர் படிந்து ஓவனில் வெந்து தடித்துவிடும். வெந்த பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் சரியாக இல்லாவிட்டால் பவுடர் பொருளில் ஒட்டாமல் சிதறும். அடிக்கிறவர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் அடிப்பார். ஓரிடத்தில் மெலிசு, ஓரிடத்தில் தடிப்பு. பொருளுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்தடை 1 மெகாஓம்முக்குக் கீழே இருக்க வேண்டும், அதை மீட்டர் வைத்துப் பாருங்கள். கொக்கியை முறை வைத்து உரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

தடிப்பு என்றேன் இல்லையா, அது நேராகப் பணம். சாதாரண பவுடர் 1 கிலோவில், சேதாரமே இல்லை என்று வைத்துக்கொண்டால், 70 மைக்ரான் தடிமனில் சுமார் 9.5 சதுர மீட்டர் பூசலாம். 110 மைக்ரான் போட்டால் 6 சதுர மீட்டர்தான் வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தடிமன் பார்க்கும் மீட்டர் இல்லாமல் இந்தத் தொழிலில் யாரும் லாபக் கணக்கு போட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

காலையில் கம்ப்ரசர் தண்ணீரை வடித்துவிடுங்கள். கழுவிய தகட்டில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம், திரும்பத் தொட்டிக்கு அனுப்புங்கள். ஒன்றை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்: பூத்தின் உறிஞ்சு விசிறி. காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பற்றக்கூடியது, விசிறி நின்றால் துப்பாக்கியும் நிற்க வேண்டும். பாஸ்பேட் கசடைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. அது அபாயகரக் கழிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற வழியில்தான் அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. முதலில் உத்யம் பதிவு. ஆதார் எண்ணை வைத்துக் கைபேசியிலேயே செய்யலாம், கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பணம் கேட்கும் போலித் தளங்கள் நிறைய உண்டு. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்க. பதிவு இருந்தால் ஒன்றிய அரசின் எம்எஸ்எம்இ லீன் திட்டத்தில் சேரலாம். அடிப்படை நிலை இலவசம். மேல் நிலைகளில் ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. ஓவனுக்கு ஆகும் எரிபொருள் செலவு உங்களை உறுத்தினால், மாநில அரசின் ‘பீஸ்’ திட்டத்தில் எரிசக்தித் தணிக்கைச் செலவின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

என் யூனிட்டில் இப்போது பலகையில் ஒரே ஒரு எண்தான் எழுதுகிறோம். எத்தனை ஓட்டினோம் என்பதில்லை. முதல் தடவையிலேயே சரியாக இறங்கியது எத்தனை என்பது. 100-இல் 15 திரும்ப அடிக்க வந்தால், அந்த 15-ம் புதுப் பொருளின் கொக்கியைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது நாம் 100 ஓட்டினோம் என்று சொல்வது நம்மையே ஏமாற்றுவது.

போன வாடிக்கையாளர் எட்டு மாதம் கழித்து ஒரு சின்ன ஆர்டர் அனுப்பினார். 40 பெட்டி, 12 அடிச்சட்டம். பெட்டிகளை ஓட்டி முடித்துவிட்டு, அந்த 12-ஐ மட்டும் தனியாகத் தொங்கவிட்டு, கன்வேயரை இன்னும் மெதுவாக்கி ஓட்டினோம். ஒரு சட்டத்தில் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்த்தோம். ஒரு துளிகூட வரவில்லை. அந்த டேப்பையும் ஒரு காகிதத்தில் ஒட்டி, பில்லோடு சேர்த்து அனுப்பி வைத்தேன்.