சிறையை உள்ளிருந்து பார்த்த நீதிபதி



1948ஆம் ஆண்டு. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. கம்யூனிஸ்ட் தொண்டர்களைப் போலீஸார் தேடித் தேடிப் பிடித்த காலம். அவர்களுக்காகத் தலச்சேரி நீதிமன்றத்தில் வாதாடிய இளம் வக்கீல் ஒருவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் சிறை. ஒன்பதே ஆண்டுகளில் அந்த வக்கீல் சிறைத்துறைக்கே மந்திரியானார். பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதியும் ஆனார். அவர்தான் வி. ஆர். கிருஷ்ணய்யர்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். 1952இல் கூத்துபறம்புத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார். 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் கேரளத்தில் அமைத்த அமைச்சரவையில், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இல்லாமலே, சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் எனப் பல துறைகளைக் கவனித்தார். 1959 ஜூலை 31 அன்று அந்த அரசு கலைக்கப்பட்டது. அடுத்த மாதமே மறுபடியும் கறுப்பு அங்கிதான்.

1968இல் கேரள உயர் நீதிமன்றம், 1973இல் உச்ச நீதிமன்றம். மந்திரியாக இருந்தவர் எப்படி நடுநிலையோடு தீர்ப்புச் சொல்வார் என்று வழக்கறிஞர்கள் பலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். நியாயமான கேள்விதான். அதற்குச் சோதனை 1975 ஜூனில் வந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கோடை விடுமுறை. மேல்முறையீட்டில் தடை கேட்ட மனு, விடுமுறைக்கால நீதிபதியாக இருந்த இவரிடம் வந்தது. பிரதமர் தரப்பில் வழக்கறிஞர் பால்கிவாலா முழுத் தடை கேட்டார். ஜூன் 24 அன்று கிருஷ்ணய்யர் நிபந்தனையோடுதான் தடை கொடுத்தார்: பிரதமராகத் தொடரலாம், மக்களவையில் பேசலாம், வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. தடையே கொடுத்திருக்கக் கூடாது என்பவர்கள் இன்றும் உண்டு. அவரோ சாதாரண எம்.பி.க்கு என்ன அளவுகோலோ அதையே பிரதமருக்கும் வைத்தார். அது சரி என்பதே என் எண்ணம்.

ஆனால் அவர் மனம் எங்கே இருந்தது என்பதைக் காட்டுவது வேறொரு வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்தது. வெளியே வர முடியவில்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட். சகோதரர் முன்வந்தாலும், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். 1978இல் கிருஷ்ணய்யர் கேட்டார்: ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேயரிலோ கைதானால், அந்த ஊரில் சொத்துள்ளவரை எங்கே போய்த் தேடுவார்? கொத்தனாரின் சொந்தப் பிணையில், ஆயிரம் ரூபாய்க்கு, விடச் சொன்னார். வெளியூரில் கைதாகி ஆளில்லாமல் நின்றவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

திகார் சிறையிலிருந்து மரண தண்டனைக் கைதி ஒருவர், சக கைதியை வார்டர் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. விசாரித்துத் தீர்ப்பு எழுதியவர் கிருஷ்ணய்யர்: சிறைக்குள் போனதால் ஒருவர் மனிதர் இல்லை என்று ஆகிவிடாது என்பது அதன் சாரம். விசாரணைக் கைதிக்கு வழக்கமாகவே விலங்கு மாட்டுவது தவறு என்று 1980இல் சொன்னதும் அவரே. கம்பிக்கு உள்ளே ஒரு மாதம் இருந்தவரின் தீர்ப்புகள் இவை. அரசியல் அவர் கண்ணை மறைக்கவில்லை, திறந்துவிட்டது.

எனக்கு அவரிடம் ஒரு குறை உண்டு. அவருடைய ஆங்கிலம் கடினமானது. வக்கீல்களே அகராதியைப் புரட்டினார்கள். கொத்தனாருக்கு எழுதிய தீர்ப்பு கொத்தனாருக்குப் புரிய வேண்டாமா?

1980இல் ஓய்வு பெற்றார். 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். 2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில் காலமானார்.

ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1973இலேயே அவர் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. இன்று அதற்குச் சட்டம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு. உங்களுக்குத் தெரிந்த யாராவது வக்கீல் வைக்க வழியின்றித் தவித்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தொலைபேசி எண் 15100. குறித்துக்கொள்ளுங்கள்.